யன்னலுக்கு வெளியே நிழல்

யன்னலைக் குறிக்கத் தமிழிலே பழஞ்சொற்கள் பல உள்ளன. காலதர் என்பது அவற்றுள் ஒன்று. கால் என்றால் காற்று. அதர் என்றால் வழி. காற்று வரும் வழி என்பது அச்சொல்லின் பொருள். சிலப்பதிகாரம் புகார் நகரத்து மாளிகைகளைக் கூறுமிடத்து, மானின் கண் போன்ற துளைகளை உடைய காலதரைப் பற்றிப் பேசுகின்றது. பலகணி என்பது மற்றொரு சொல். பல கண்களை உடையது என்பது அதன் பொருள். சாளரம் என்பதும் வலை எனப் பொருள்படும் வடசொல்லோடு தொடர்புடையது என்பர். இம்மூன்று சொற்களையும் ஒருங்கே வைத்து நோக்கினால் ஓர் உண்மை புலனாகும். பழந்தமிழர் யன்னல் என்றதும் நினைத்தது காற்றையும் துளைகளையுமே. வெளிச்சம் நிறைந்த அகன்ற திறப்பு அவர்கள் மனத்தில் இருந்ததாகத் தெரியவில்லை. கண்ணாடி இருந்திருக்க இடமே இல்லை.

இன்று இலங்கையில் வீடுதோறும் வழங்கும் யன்னல் என்ற சொல்லோ போர்த்துக்கேயர் விட்டுச் சென்றது. ஜனேலா என்பது அவர்கள் மொழி. யாழ்ப்பாண அரசு 1619 இல் அவர்கள் வசமாயிற்று. 1658 இல் ஒல்லாந்தர் கைக்கு மாறிற்று. ஆட்சி முப்பத்தொன்பது ஆண்டுகளில் முடிந்தது. சொல் நானூறு ஆண்டுகளாக நிற்கின்றது. சொல்லோடு பொருளும் மெல்ல மெல்ல மாறியது. துளைகளாக இருந்தது திறப்பாயிற்று. திறப்பு பின்னர் கண்ணாடியாயிற்று. கண்ணாடி வந்த பின்னர், அதுவரை யாரும் பெரிதாகக் கேட்க வேண்டியிராத ஒரு கேள்வி எழுந்தது. வெயிலை எங்கே மறிப்பது? யன்னலுக்கு உள்ளேயா, வெளியேயா? சிறிய கேள்வி போலத் தோன்றும் இது, உலகின் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர் ஒருவரையே தலைகுனிய வைத்தது. வெப்ப நாடுகளிலே அதற்கான விடை முன்பே இருந்தது, பின்னர் மறக்கப்பட்டது, பெருஞ்செலவில் மீண்டும் கற்கப்பட்டது.

வெயில் கண்ணாடியை எவ்வாறு கடக்கின்றது என்பதை முதலில் அறிதல் வேண்டும். ஞாயிற்றின் கதிர்கள் குறுகிய அலைநீளம் உடையவை. சாதாரணக் கண்ணாடி அவற்றுள் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் உள்ளே விட்டுவிடும். உள்ளே வந்த கதிர்கள் தரையிலும் மேசையிலும் திரைச்சீலையிலும் பட்டு அவற்றைச் சூடாக்குகின்றன. சூடேறிய அப்பொருள்கள் தாமும் வெப்பத்தை வீசுகின்றன. ஆயின் அவை வீசும் அலைகள் நீளமானவை. நீண்ட அலைகளுக்குக் கண்ணாடி வழிவிடுவதில்லை. வரும்போது கதவு திறந்திருக்கின்றது, போகும்போது மூடிக்கொள்கின்றது. குளிர்நாட்டார் பூஞ்செடிகளையும் தக்காளியையும் கண்ணாடி மனையில் வளர்ப்பதற்குப் பயன்படுவது இந்த இயல்புதான். மூடிய மனைக்குள் சூடேறிய காற்று வெளியேற முடியாமற் போவதும் அதற்குத் துணைசெய்கின்றது. குளிரில் வாடுபவனுக்கு நன்மை செய்யும் அதே பொறி, வெப்ப நாட்டில் வாழ்பவனுக்குத் தண்டனையாகின்றது.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். மேற்கு நோக்கிய சுவரில் இரண்டு சதுர மீற்றர் பரப்புள்ள கண்ணாடி யன்னல் ஒன்று இருக்கின்றது. தெளிந்த வானமுள்ள பிற்பகலில் அந்தச் சுவரின்மேல் சதுர மீற்றருக்கு 600 வாற்று அளவான வெயில் படுவது சாதாரணம். அவ்வளவானால் யன்னல் வழியே ஏறத்தாழ ஒரு கிலோவாற்று வெப்பம் அறைக்குள் நுழையும். குளிர்நாட்டு வீடுகளில் குளிர்காய வைக்கும் மின்னடுப்பு ஒன்றை எரியவிட்டதற்கு அது சமம். மூன்று மீற்றர் அகலமும் நான்கு மீற்றர் நீளமும் மூன்று மீற்றர் உயரமும் உள்ள அறையின் காற்று முழுவதும் ஏறத்தாழ 42 கிலோகிராம் நிறையுடையது. அக்காற்றை மட்டும் சூடாக்குவதென்றால், இந்த ஒரு கிலோவாற்று வெப்பம் முக்கால் நிமிடத்துக்குள் ஒரு பாகை ஏற்றிவிடும். உண்மையில் சுவரும் தரையும் பெரும்பகுதியை வாங்கிக்கொள்கின்றன. காற்றோட்டம் ஒரு பகுதியைக் கொண்டுபோகின்றது. ஆகவேதான் அறை அடுப்பாகிவிடாமல் சில பாகை மட்டும் ஏறி நிற்கின்றது. சுவர் வாங்கிய கடனோ தீர்ந்துவிடவில்லை. பகலில் வாங்கியதை அது இரவில் திருப்பித் தருகின்றது. மேற்கு அறையில் படுப்பவர்கள் நள்ளிரவிலும் புழுங்குவதன் காரணம் இது.

இனித் திரைச்சீலையின் நிலை யாது? உள்ளே தொங்கும் வெளிர்நிறத் திரை கண்களுக்கு ஆறுதல் தரும், கூச்சத்தைக் குறைக்கும். ஆயின் வெப்பத்தில் ஏறத்தாழப் பாதியைத் தடுத்தாலே அது பெரிய சேவை. காரணம் எளிது. திரையிற் பட்ட கதிர் ஏற்கெனவே கண்ணாடியைக் கடந்துவிட்டது. திரை சூடாகின்றது, அச்சூடு அறைக்குள்ளேயே தங்குகின்றது. அதே திரையைக் கண்ணாடிக்கு வெளியே கொண்டுபோய்த் தொங்கவிட்டால், சூடேறுவது திரைதான். அந்தச் சூட்டை வெளிக்காற்று வாரிக்கொண்டு போய்விடும். நன்கு அமைந்த வெளித்தட்டி ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் வெப்பத்தை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றது. துணியும் ஓலையும் மரமும் எதுவாயினும் ஆகுக. இருக்கும் இடமே பெரிதும் வேறுபாட்டை உண்டாக்குகின்றது. திருடன் வீட்டுக்குள் வந்த பின்னர்க் கதவைத் தாழிடுபவரை ஊரார் நகைப்பர். உட்புறத்திலே தடித்த திரையைத் தொங்கவிட்டு வெயிலைத் தடுத்துவிட்டோம் என்று மகிழ்பவரை ஒருவரும் நகைப்பதில்லை.

இலங்கை நிலநடுக்கோட்டுக்கு வடக்கே, 6 பாகைக்கும் 10 பாகைக்கும் இடையில் இருக்கின்றது. இங்கே ஞாயிறு ஆண்டுக்கு இரு முறை தலைக்கு நேர் மேலே வருகின்றது. கொழும்பில் ஏப்பிரல் முதல் வாரம் கழிந்ததும் ஒரு முறை. செப்டெம்பர்த் தொடக்கத்தில் மறு முறை. யாழ்ப்பாணத்தில் ஏப்பிரல் நடுப்பகுதியிலும் ஆகஸ்ட் இறுதியிலும். சித்திரைப் புத்தாண்டும் உச்சி வெயிலும் ஒன்றாக வருவது இங்ஙனமே. இவ்விரு நாள்களுக்கும் இடைப்பட்ட மாதங்களில் நண்பகல் ஞாயிறு வடக்கே சாய்ந்து நிற்கும். மற்றைய மாதங்களில் தெற்கே சாயும். ஐரோப்பாவில் எழுதப்பட்ட கட்டட நூல்கள் வடக்கு யன்னலில் வெயில் படாது என்று கூறும். அந்நூல்களை நம்பி இங்கு வீடு கட்டுபவர் வைகாசியில் ஏமாறுவர்.

நான்கடி உயரமுள்ள யன்னலொன்றை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணத்தில், வடக்கு நோக்கிய அந்த யன்னலை ஆனி மாதத்து நண்பகல் வெயிலிலிருந்து காக்க, அதன் மேல் விளிம்பில் ஓரடி நீண்ட கூரையிறப்புப் போதும். தெற்கு நோக்கியதாயின் மார்கழி நண்பகலுக்கு இரண்டே முக்கால் அடி வேண்டும். இவை எந்தத் தச்சனும் ஓட்டுக்கூரையிலே கொடுக்கக்கூடிய அளவுகள். மேற்கு நோக்கிய யன்னல் மட்டும் எதற்கும் அடங்காது. பங்குனி மாதத்து மாலை நான்கு மணிக்கு ஞாயிறு அடிவானத்துக்கு மேலே முப்பது பாகையளவில் நிற்கும். அப்போது அந்த யன்னலை மறைக்க ஏழடி நீண்ட இறப்பு வேண்டும். ஐந்து மணிக்குப் பதினைந்து அடி வேண்டும். ஏழடி என்பது இறப்பின் அளவைக் கடந்தது; அது ஒரு விறாந்தையின் அகலம். பதினைந்து அடிக்கோ விறாந்தையும் உதவாது. விறாந்தையின் விளிம்பிலே ஒரு தட்டியைக் கட்டித் தொங்கவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. கேத்திர கணிதம் தெரிந்தவர் தாளிலே கண்டுபிடிக்கும் இந்த முடிவை, அக்கணிதத்தின் பெயரே கேளாதவர்கள் கட்டிய வீடுகளிற் கண்ணாற் காணலாம்.

யாழ்ப்பாணத்து நாற்சார் வீடு அவற்றுள் ஒன்று. நடுவே முற்றம், முற்றத்தைச் சூழத் தாழ்வாரம், தாழ்வாரத்தை நோக்கித் திறக்கும் அறைகள். வெளிச்சுவரிலே யன்னல்கள் குறைவு, இருப்பனவும் சிறியவை. தெருப்பக்கம் திண்ணை. கூரை திண்ணைக்கு மேலாகத் தாழ்ந்து வந்து, நிற்பவர் தலைகுனிந்து நுழையும் உயரத்திலே முடியும். இவ்வமைப்புக்கு நிழல் ஒன்றே காரணம் என்று கூறுதல் மிகையாகும். பெண்டிரின் மறைவும், களவுப் பயமும், கூட்டுக் குடும்பத்தின் வாழ்க்கை முறையும் அதிலே கலந்துள்ளன. ஆயினும் காரணம் எதுவாயினும் பயன் ஒன்றுதான்: அறையின் யன்னலுக்கும் வெயிலுக்கும் இடையே எப்போதும் ஒரு கூரை நின்றது. மேற்கு வெயில் தாழ்வாரத்தினுள்ளே எட்டிப் பார்த்தால் கிடுகுத் தட்டி கட்டப்பட்டது. கிடுகு இலேசானது, சூட்டைச் சேமித்து வைக்கும் கனம் அதற்கில்லை. பின்னலின் இடைவெளிகளிலே காற்று ஊறி வரும். நிழலைத் தந்துகொண்டே காற்றையும் விடுகின்ற பொருள் உலகில் அரிது. ஈரப்பதன் மிகுந்த நாட்டில் இந்த இரண்டாவது குணம் முதலாவதைப் போலவே முக்கியமானது. வியர்வையை உலர்த்தக் காற்று இல்லையேல் நிழலில் இருந்தும் சுகமில்லை.

ஒல்லாந்தர் வந்தபோது தம் நாட்டு வழக்கப்படியே கட்டத் தொடங்கினர். ஆயினும் இந்நாட்டு வெயில் விரைவில் அவர்களைத் திருத்திவிட்டது. புறக்கோட்டையில் இன்று ஒல்லாந்தர் நூதனசாலையாக விளங்கும் பதினேழாம் நூற்றாண்டுக் கட்டடத்தின் தூண்கள் நிறைந்த முன் விறாந்தையையும், காலிக் கோட்டைக்குள் உள்ள வீடுகளின் முகப்பையும் பார்த்தவர்கள் அதனை அறிவர். ஆங்கிலேயர் காலத்தில் விறாந்தை கச்சேரிக்கும், ஓய்வு விடுதிக்கும், புகையிரத நிலையத்துக்கும் பொதுவாயிற்று. அரசாங்கப் பாடசாலைகளின் நீண்ட மண்டபங்கள் யன்னலையே ஒழித்துவிட்டன. அரைச்சுவர், அதன்மேல் தூண்கள், அகன்ற ஓட்டுக்கூரை, அவ்வளவே. இலங்கையில் பல இலட்சம் பிள்ளைகள் காலதர் என்ற சொல்லின் பொருளை அந்த அரைச்சுவருக்கு மேலாக வந்த காற்றிலே கற்றனர் எனலாம். மழைச்சாரலில் கொப்பி நனைந்ததும் உண்டு, அதையும் மறைத்தற்கில்லை.

ஏனைய நாடுகளும் தத்தம் வழியைக் கண்டிருந்தன. கெய்ரோ நகரத்தில் கடைந்தெடுத்த மரச்சட்டங்களாலான மஷ்ரபிய்யா என்ற பலகணிகள் தெருவுக்கு மேலாக நீட்டிக்கொண்டிருக்கும். இராசபுத்தானத்திலே கல்லைத் துளைத்து வலை போலாக்கினர். 1799 இல் ஜெய்ப்பூரில் எழுந்த ஹவா மகாலின் பெயரே காற்று மாளிகை என்று பொருள்படும். வட இந்தியாவில் வெட்டிவேர்த் தட்டியைக் கதவிலும் யன்னலிலும் கட்டி அதன்மேல் இடைவிடாது நீர் தெளிப்பது வழக்கம். வறண்ட காற்று ஈரத் தட்டியைக் கடக்கையில் நீர் ஆவியாகும். ஆவியாதல் வெப்பத்தை உறிஞ்சும். அறைக்குள் மணமும் குளிர்ச்சியும் ஒருங்கே வரும். ஆங்கில அதிகாரிகள் இதை மிகவும் விரும்பினர். இரவுபகலாக வாளி சுமந்து நீர் தெளித்தவர்கள் யார் என்பதை அவர்கள் தம் நாட்குறிப்புகளில் அதிகம் எழுதியதில்லை. இதே தட்டியைக் கொழும்பிலே கட்டினால் பயன் மிகக் குறைவு. ஏற்கெனவே ஈரம் நிறைந்த கடற்காற்றில் நீர் எளிதில் ஆவியாகாது. ஓர் ஊரின் மருந்து மற்றோர் ஊருக்கு ஆகாது என்பதற்கு இதனைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டியதில்லை.

இத்துணை அறிவும் உலகிற் பரந்து கிடக்கையில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே ஐரோப்பியக் கட்டடக் கலைஞர்கள் கண்ணாடியின்மேல் காதல் கொண்டனர். உருக்குச் சட்டமும் கொங்கிறீற்றுத் தூணும் வந்தபின் கட்டடத்தைச் சுவர் தாங்க வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. தாங்காத சுவர் ஏன் கண்ணாடியாக இருத்தல் ஆகாது என்று அவர்கள் கேட்டனர். அவர்களுள் முதன்மையானவர் சுவிற்சர்லாந்திலே பிறந்து பாரிசிலே தொழில் செய்த லெ கோர்பூசியே. எல்லா நாடுகளுக்கும் எல்லாக் காலநிலைகளுக்கும் ஒரே வகை வீடு போதும். கண்ணாடியால் இறுக மூடிய அதனுள்ளே இயந்திரத்தின் உதவியால் என்றும் 18 பாகை வெப்பநிலையை நிலைநிறுத்தலாம் என்பது 1930 அளவில் அவர் கொண்டிருந்த கருத்து.

அக்கருத்துக்குச் சோதனைக் களமாக வாய்த்தது பாரிசில் இரட்சணிய சேனை கட்டிய அடைக்கலமனை. வீடற்றவர்களும் வறிய தாய்மாரும் குழந்தைகளும் தங்குவதற்காக எழுப்பப்பட்ட அம்மனை 1933 டிசெம்பரில் திறந்துவைக்கப்பட்டது. தெற்கு நோக்கிய அதன் முகப்பு முழுவதும் ஏறத்தாழ ஆயிரம் சதுர மீற்றர் கண்ணாடி. திறக்கக்கூடிய யன்னல் எதுவும் அதில் இல்லை. இரட்டைக் கண்ணாடிச் சுவரும் அவற்றிடையே குளிர்ந்த காற்றை ஓட்டும் பொறியும் முதலில் திட்டமிடப்பட்டிருந்தன. பணம் போதாமையால் கைவிடப்பட்டன. கண்ணாடி மட்டும் எஞ்சியது. டிசெம்பர்க் குளிரில் திறந்தபோது எல்லாரும் மகிழ்ந்தனர். கோடை வந்தது. வெயிலை வாங்கி வெளியே விடாத பெட்டியாக மனை மாறிற்று. குழந்தைகளைப் பேணும் பகுதியில் வெப்பம் தாங்க முடியாததாயிற்று. அதிகாரிகள் திறக்கும் யன்னல்களை வைக்குமாறு பணித்தனர். கலைஞர் தம் கருத்தை விட்டுக்கொடுக்க மறுத்து வாதாடினார். இறுதியில் யன்னல்கள் வைக்கப்பட்டன. குற்றம் தம் கருத்திலே இல்லை, அதை முழுமையாக நிறைவேற்றாமையிலே உள்ளது என்பது அவர் கொண்ட நிலை. அவ்வாதத்தில் ஓரளவு உண்மை உண்டு. ஆயின் புழுங்கியவை வறியோரின் குழந்தைகள். வாதாடியவர் அங்கே தங்கவில்லை.

1944 ஆகஸ்டில் குண்டு வீழ்ந்து அக்கண்ணாடிகள் நொறுங்கின. போருக்குப் பின்னர் மனையைச் செப்பனிட்டபோது முகப்பின்மேல் வெளிப்புறமாகக் கொங்கிறீற்றுத் தடுப்புகள் நீட்டப்பட்டன. வெயிலை முறிப்பது எனப் பொருள்படும்படி பிரீஸ்-சொலே என்று பிரெஞ்சு மொழியில் அவற்றுக்குப் பெயர். தவற்றைத் திருத்தும் அமைப்பு அதே கலைஞரின் புகழுக்கு மற்றொரு காரணமாகவும் அமைந்தது. வரலாறு சிலருக்கு இவ்வாறு தாராளமாக நடந்துகொள்வதுண்டு.

பாரிஸ் வெப்ப நாட்டு நகரமன்று. ஆண்டிற் சில வாரங்களே அங்கு இந்தத் துன்பம். அதே கண்ணாடிச் சுவரை அயன மண்டலத்தில் நிறுத்தினால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு விடை பிறேசில் நாட்டிலிருந்து வந்தது. றியோ டி ஜனேரோ நகரிலே கல்வி, சுகாதார அமைச்சுக்கான மாடிக் கட்டடத்தை அமைக்கும் பொறுப்பு லூசியோ கொஸ்தாவின் தலைமையில் இளைஞர் குழுவொன்றிடம் கொடுக்கப்பட்டது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற ஒஸ்கார் நீமேயர் அக்குழுவில் ஒருவர். 1936 இல் லெ கோர்பூசியே ஆலோசகராக வரவழைக்கப்பட்டார். றியோ நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே 23 பாகையில் உள்ளது. ஆகவே அங்கே வெயில் முகம் வடக்கு. தெற்குப் பக்கத்தைக் கண்ணாடியாகவே விட்ட அவ்விளைஞர்கள், வடக்குப் பக்கத்தில் கண்ணாடிக்கு வெளியே சிறிது இடைவெளி விட்டுக் கிடைப் பலகைகளை வரிசை வரிசையாகப் பொருத்தினர். அறையினுள்ளிருந்தே அவற்றைத் திருப்பலாம். ஞாயிறு ஏற ஏறச் சரித்துக்கொள்ளலாம். பலகையிலே ஏறிய சூடு இடைவெளியின் காற்றோடு மேலே போய்விடும். கட்டடம் 1940களின் முற்பகுதியில் நிறைவெய்தியது. 1943 இல் நியூயோர்க் நகரத்து நவீன கலைக்கூடத்தில் பிறேசில் கட்டடங்களைப் பற்றி நிகழ்ந்த காட்சியில், வெயிலை அடக்கும் இந்தக் கலையையே வட அமெரிக்கர் வியந்து நோக்கினர். பெரிய நாடுகள் சிறிய நாடுகளிடம் கற்கும் காலம் அரிது. அது அத்தகைய ஒரு காலம்.

இந்தியாவில் 1951 இல் தொடங்கிய சண்டிகார் நகரத்திலே லெ கோர்பூசியே தம் தடுப்புகளை மாபெரும் அளவிற் கட்டினார். உயர் நீதிமன்றத்தின் முகப்பும் செயலகத்தின் முகப்பும் தேன்கூடு போலக் கொங்கிறீற்று அறைகளால் நிறைந்தவை. பார்வைக்கு அவை பெருமிதமானவை என்பதில் ஐயமில்லை. ஆயின் ஒரு குறையைப் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர். கொங்கிறீற்று கனமானது. பகல் முழுவதும் வெயிலை உண்டு, சூரியன் மறைந்த பின்னரும் அதனைக் கட்டடத்தின் பக்கமாக உமிழும். நிழலைத் தருவதே சூட்டைச் சேமித்து வைப்பதாயின் பாதி வேலை வீணாகின்றது. கிடுகு செய்யாத பிழையை அது செய்தது.

அந்நகரத்திலே அவரோடு பணியாற்றிய மாக்ஸ்வெல் பிறை, ஜேன் ட்றூ என்ற ஆங்கிலத் தம்பதியினர் அதற்கு முன்னரே மேற்கு ஆபிரிக்காவிற் பாடசாலைகளும், நைஜீரியாவின் இபாடானிலே பல்கலைக்கழகக் கல்லூரியும் அமைத்து அனுபவம் பெற்றவர்கள். காற்றை விட்டு வெயிலைத் தடுக்கும் துளைச்சுவர்களை அவர்கள் மிகுதியாகக் கையாண்டனர். ஈரவலயத்துக் கட்டடக்கலை பற்றிய அவர்களது நூல் 1956 இல் வெளிவந்தது. மறு ஆண்டில் ஒல்கியாய் சகோதரர் அமெரிக்காவில் வெயில் தடுப்பு அமைப்புகளைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டு, எந்த அகலாங்கில் எந்தத் திசைக்கு எத்தகைய தடுப்பு வேண்டும் என்பதை வரைபடங்களாற் கணக்கிட்டுக் காட்டினர். இலண்டனில் 1954 இல் அயன மண்டலக் கட்டடக்கலைக்கெனத் தனிப் பிரிவொன்று தொடங்கப்பட்டது. அதற்குத் தூண்டுதலாக அமைந்த 1953 ஆம் ஆண்டு மாநாடு, தாம் கற்கும் பாடம் தம் நாட்டுக்குப் பொருந்தவில்லை என்று நைஜீரிய மாணவர் ஒருவர் குரலெழுப்பியதன் விளைவு. வெப்ப நாட்டு மாணவர்கள் தம் பாட்டனார் கட்டிய விறாந்தையின் காரணத்தைக் கற்க இலண்டனுக்குக் கப்பலேறினார்கள் என்பதை எண்ணுங்கால் சிரிப்பும் வரும். சிறிது வருத்தமும் வரும்.

இலங்கையில் இவ்வறிவை உள்நாட்டு வழக்கோடு இணைத்தவர்களுள் முன்னோடி கண்டியிற் பிறந்த மினெற் டி சில்வா. 1949 க்கும் 1951 க்கும் இடையில் கண்டி மலைச்சரிவிலே அவர் கட்டிய கருணாரத்ன இல்லம், புதிய கொங்கிறீற்றையும் இந்நாட்டுக் கைவினைகளையும் ஒன்றாக்கியது. அவருக்குப் பின் ஜெப்றி பாவா 1962 இல் கொழும்பிலே முடித்த ஏனா டி சில்வா இல்லத்தில் நடுமுற்றமும், அதனைச் சூழ்ந்த தாழ்வாரமும், அகன்ற ஓட்டுக்கூரையும் மீண்டன. அந்நாள்களில் அந்நியச் செலாவணி நெருக்கடி; கண்ணாடியும் உருக்கும் இறக்குமதி செய்வது கடினம். கிடைத்தவை ஓடும் மரமும் கல்லுமே. தட்டுப்பாடு பல தீமைகளைச் செய்தது. ஆயினும் கட்டடங்களைப் பொறுத்தவரை அது ஒரு நல்லாசிரியனாக இருந்தது என்று கூறுதல் தவறாகாது.

1977 இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது. அதன் விளிம்பிலே, 1976 க்கும் 1978 க்கும் இடையில், கொழும்பில் அரச ஈட்டு வங்கிக்காகப் பாவா ஒரு மாடிக் கட்டடத்தை எழுப்பினார். மின்பொறிக் குளிரை நம்பாமல், நிழலும் காற்றோட்டமும் கொண்டு அலுவலகம் ஒன்று பல மாடி உயரத்திலும் இயங்கலாம் எனக் காட்ட எழுந்தது அது. அக்கட்டடத்தை உலகத்துக் கட்டடக் கலைஞர்கள் பின்னாளிற் பாராட்டினர். கொழும்பு அதனைப் பின்பற்றவில்லை. அலுமினியச் சட்டங்களும் நிறக் கண்ணாடிகளும் குளிரூட்டிப் பொறிகளும் துறைமுகத்தில் வந்து இறங்கின. விறாந்தை வீண் செலவாகத் தோன்றியது. காணியின் விலை ஏற ஏறச் சதுர அடிகளைத் தின்னும் நிழலுக்கு இடமில்லாமற் போயிற்று. நாட்டுப்புறத்திலும் கூரையிறப்புக் குறுகியது. தட்டையான கொங்கிறீற்றுக் கூரையின்கீழ், ஓரடி நீட்டிய சிறு தகட்டைச் சுமந்துகொண்டு, மேற்கு நோக்கிய பெரிய கண்ணாடி யன்னல்கள் வரிசையாக எழுந்தன. அவ்வோரடி மாலை நான்கு மணி வெயிலுக்கு என்ன செய்யும் என்பது மேலே கூறிய கணக்கிலிருந்து விளங்கும். பாடசாலைகளிலும் கணினி அறைகள் அமைத்தபோது அரைச்சுவர்கள் அடைக்கப்பட்டன. தூசியிலிருந்து பொறிகளைக் காக்க வேண்டியிருந்தது உண்மையே. பிள்ளைகளை வெப்பத்திலிருந்து காப்பது குளிரூட்டியின் பொறுப்பாயிற்று.

பொறியை நம்பிய கட்டடத்துக்குச் சோதனை 2022 இல் வந்தது. எரிபொருள் வாங்கப் பணமின்றி நாடு தவித்த அவ்வாண்டில், மின்வெட்டு மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் வரை நீண்டது. இயந்திரம் நின்றதும், 1934 ஆம் ஆண்டுக் கோடையிற் பாரிசின் அடைக்கலமனை என்னவாயிற்றோ அதுவே கொழும்பின் மூடிய கண்ணாடி அறைகளும் ஆயின. அலுவலகங்களிற் பலவற்றின் யன்னல்கள் திறப்பதற்கென்றே செய்யப்படாதவை. மின்பிறப்பாக்கி வாங்க வசதியுள்ளவர்கள் எரிபொருளுக்காக வரிசையில் நின்றார்கள். வசதியற்றவர்களின் சீமெந்து வீடுகளில் மேற்கு அறை பிற்பகலிலே கைவிடப்பட்டது. தென்னோலையும் பனையோலையும் விலைகொடுத்து வாங்க வேண்டாத ஊர்களிலே சிலர் யன்னலுக்கு வெளியே மீண்டும் தட்டி கட்டினர். தட்டியின் பின்னால் அறை குளிர்ந்துவிடவில்லை. வெளியே மரநிழலில் எவ்வளவு வெப்பமோ ஏறத்தாழ அவ்வளவே அங்கும் இருந்தது. அதற்குமேல் ஏறவில்லை. ஞாயிறு கொழும்புக்கு நேர் மேலே வருவதற்கு அப்போது இன்னும் ஒரு வாரம் இருந்தது. யாழ்ப்பாணத்துக்கு இரண்டு வாரம்.